முக்கால் வேக்காடு

எங்கள் குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது திங்கட்கிழமைதான் வரும். ஊரே ஓய்வெடுக்கிற நாளில்தான் எங்களுக்கு இடுப்பொடிகிற வேலை. அண்ணன் பெரிய விருந்துகளுக்கு மொத்தமாகச் சமைத்துக் கொடுக்கிறவன். நாலு பேருக்கு மட்டும் சமைக்கச் சொன்னால் அவனுக்குக் கை நடுங்கும். என் கணவர் ஒரு வணிக வளாகத்தில், நின்றபடியே வாங்கிக்கொண்டு போகிற துரித உணவுக் கடையில் மேலாளர். அண்ணி மட்டும்தான் மேஜை, விரிப்பு, பரிமாறும் ஆள் என்று முறையாக ஓர் உணவகம் நடத்துகிறார். நான் விமான நிலையத்துக்குப் பின்புறம் இருக்கிற பெரிய சமையல்கூடத்தில் பயணிகளுக்கான சாப்பாடு தயாரிக்கிறவள். இப்படி நால்வரும் கூடுகிற திங்கட்கிழமைகளில் அடுப்புப் பக்கம் யாருமே போவதில்லை. ரொட்டியும் முட்டையும்தான்.

அந்தத் திங்கட்கிழமையும் வழக்கம்போல யார் தொழில் உசத்தி என்று சண்டை தொடங்கியது.

"உங்க கடையில மனுஷங்களுக்குப் பேரே கிடையாது தம்பி. வெறும் நம்பர்தான்" என்று அண்ணி என் கணவரைச் சீண்டினார்.

"நம்பரைக் கூப்பிட்ட உடனே சாப்பாடு கைக்கு வந்துடுதே அக்கா! உங்க கடையில பேர், ஊர் எல்லாம் விசாரிக்கறீங்க. சாப்பாடுதான் வர மாட்டேங்குது."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றான் அண்ணன். "ஒரு தடவை ஆயிரம் பேருக்குப் பொங்கிப் போட்டுட்டு அப்புறம் வந்து பேசுங்க."

"உங்க பந்தியில உக்கார்றவன் ஓசிச் சாப்பாடு சாப்பிடறான். அவன் எங்கே குறை சொல்லப் போறான்?" என்று அவனை ஒரே போடாகப் போட்டுவிட்டு, அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா வாயையே திறக்கலை? நீ சமைச்சதைச் சாப்பிட்டு யாராவது மூஞ்சியைச் சுளிச்சு நீ பாத்திருக்கியா?"

"சிரிச்சும் பாத்ததில்லை அண்ணி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே உறைத்தது. இத்தனை வருடங்களில் வேலையில் நான் சமைத்ததை ஒருவர் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. அலுமினியப் பெட்டிகளில் அடைத்து, மூடி, குளிர் அறையில் வைத்து, வண்டியில் ஏற்றுவோம். வண்டியின் ஷட்டர் இறங்குகிற சத்தத்தோடு எனக்கும் அந்தச் சாப்பாட்டுக்கும் இருக்கிற உறவு முடிந்துவிடும். நான் விமானத்தில் ஏறியதுகூட இல்லை. மாடியில் துணி உலர்த்தும்போது தலைக்கு மேல் ஒரு விமானம் போனால், உள்ளே யாரோ என் பெட்டியைத் திறக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவர் ரசித்துச் சாப்பிடுகிறாரா, அரைத் தூக்கத்தில் ஒதுக்கிவிடுகிறாரா என்பது அந்த மேகத்துக்குத்தான் தெரியும்.

அண்ணி சும்மா சீண்டவில்லை என்பது பிறகு புரிந்தது. அவருடைய சமையல்காரன் ஒரு பெரிய நட்சத்திர ஓட்டலில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

"உனக்கு லீவு மிச்சம் கிடக்குல்ல? இந்த வாரம் வந்து என் அடுப்புல நில்லு. சரியா வந்தா அந்த வேலை உனக்குத்தான். சரியா வரலைன்னா, நாத்தனார் கீத்தனார்னெல்லாம் பாக்க மாட்டேன்."

"பாக்கலாம் அண்ணி" என்றேன், ரொட்டித் துண்டைக் கிள்ளியபடி.

அலட்சியமாகத்தான் சொன்னேன். ஆனால் எனக்கு அந்த வேலை வேண்டும். கடைவீதியில் பொம்மையைப் பார்த்துவிட்டு, கேட்கவும் வெட்கப்பட்டு, நகரவும் மனமில்லாமல் நிற்கிற குழந்தையைப் போல வேண்டும். நான் சமைத்ததை ஒருவர் சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டும். இதை வெளியே சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை என் சின்னத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அண்ணியின் உணவகத்தில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இடுப்பளவு மேடை ஒன்றுதான் மறைப்பு. அடுப்பில் நின்று தலையை நிமிர்த்தினால் எல்லா மேஜைகளும் தெரியும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நான் தெரிவேன். அதைப் பார்த்ததுமே ஏப்ரனை இழுத்து நேராக்கிக்கொண்டேன்.

கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து பார்த்தார்.

"இது என்னம்மா, தங்கக் கடையா?"

"எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவு போகணுமில்லையா அண்ணி?"

"பசி எல்லாருக்கும் ஒரே அளவா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கிரேவியை ஒரு கரண்டியில் எடுத்து ஊதி ருசி பார்த்தார். புருவம் மேலே போனது. "அட! பிரமாதம். இவ்வளவு நாள் இந்தக் கையை எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?"

நான் தரையில் நிற்கவில்லை.

அங்கே பரிமாறுகிறவரை எல்லோரும் வானொலி என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கடை திறந்ததும் பேச ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிறுத்த மாட்டார். நான் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மூடி தேடுவதைப் பார்த்துவிட்டு, "எதுக்குக்கா மூடி? மேஜை இதோ இங்கதான் இருக்கு. போற வழியில மழையா பெய்யப் போகுது?" என்றார். கையை மடக்கிக்கொண்டேன். மூடாமல் ஒரு தட்டை அனுப்புவது, தலைவாராமல் தெருவுக்கு வந்ததுபோல் இருந்தது.

மதியம் முதலில் வந்தவர் மாடியில் மருத்துவமனை வைத்திருக்கும் பல் டாக்டர். தினமும் ஜன்னல் ஓர மேஜையில் தனியாகச் சாப்பிடுகிறவர். கோழியும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் அவர் முன்னால் போய் உட்கார்ந்தன. அடுப்பைத் தணித்துவிட்டுப் பார்த்தேன். முதல் வாய். அவர் முகம் மலர்ந்தது. அந்த ஒரு கணத்துக்காகவே இத்தனை வருடம் காத்திருந்த மாதிரி இருந்தது எனக்கு. இரண்டாவது வாய், மூன்றாவது வாய். அப்புறம் தண்ணீர் குடித்தார். மறுபடி குடித்தார். பிறகு பீன்ஸைக் கடித்தார். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது.

வானொலி மேடைக்கு வந்தார். "அக்கா, டாக்டர் கேக்கறார். பீன்ஸ் அடுப்பைப் பாத்துச்சா, இல்லை தோட்டத்துல இருந்து நேரா தட்டுக்கு வந்துடுச்சான்னு. மத்த மேஜையிலயும் தண்ணி தண்ணின்னு ஒரே கூப்பாடு. ஊத்தி ஊத்தி என் கையே போச்சு. நாம நடத்தறது சாப்பாட்டுக் கடையா, தீயணைப்பு நிலையமா?"

இங்கே ஷட்டர் இல்லை. வண்டி கிளம்பிப் போகவும் இல்லை. டாக்டர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி அழைத்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே போய் நின்றேன்.

"தப்பா நினைக்காதீங்க. முதல் வாய் அவ்வளவு ருசி. ஆனா போகப் போக முடியலை. நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"எவ்வளவு?"

"ஒரு கரண்டி."

"ஒரு தட்டு?"

எங்கள் சமையல்கூடத்தில் தொப்பியும் கையுறையுமாக நின்றபடியே ஒரு கரண்டி ருசி பார்ப்போம்; கரண்டி கழுவப் போய்விடும். அங்கே நான் சமைத்ததில் ஒரு முழுத் தட்டை, நாற்காலியில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டதே இல்லை. பிறர் சாப்பிடுவதைப் பார்க்கவில்லை என்று ஏங்கினேனே, நானே சாப்பிட்டதில்லை.

"உக்காருங்க" என்று எதிர் நாற்காலியைக் காட்டினார் டாக்டர். "பயப்படாதீங்க, பல்லைப் பிடுங்க மாட்டேன். வானொலி, இவங்களுக்கும் இதே மாதிரி ஒரு தட்டு."

ஏப்ரனோடு கூடத்தின் நடுவில் உட்கார்ந்தேன். சுற்றி இருந்த மேஜைகளெல்லாம் என்னையே பார்த்தன. முதல் வாய் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாறு வாய் போனதும் நாக்கு களைத்துவிட்டது. உப்பும் புளிப்பும் மிளகும், போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாத விருந்தாளிகள் போல வாயில் உட்கார்ந்துகொண்டன. பீன்ஸைக் கடித்தபோது மண்டைக்குள் இடி இடித்தது. பாதித் தட்டைத் தாண்ட என்னால் முடியவில்லை.

அப்போதுதான் விளங்கியது. அவ்வளவு உயரத்தில் மனிதர்களுக்கு நாக்கு மந்தமாகிவிடும் என்பதால் நாங்கள் எல்லாவற்றையும் ஒரு பிடி தூக்கலாகத்தான் போடுவோம். விமானத்தில் ஏற்றிய பிறகு மறுபடி சூடு செய்வார்கள் என்பதால் எதையும் முக்கால் வேக்காட்டில் இறக்கிவிடுவோம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கைக்கு யாரும் சொல்லவில்லை. கை அதன் பழக்கத்தில் போட்டுவிட்டது, அதன் பழக்கத்தில் இறக்கிவிட்டது.

டாக்டரிடம் இதைச் சொன்னதும் அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அப்போ எங்களையெல்லாம் மேகத்துக்கு மேல உக்கார வச்சுச் சமைச்சிருக்கீங்க!"

பக்கத்து மேஜையில் ஓர் அம்மா, "நாங்க பெல்ட் போட்டுக்கணுமாம்மா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைதான் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "சிரிப்பெல்லாம் இருக்கட்டும். நாளைக்குத் தரையில இறங்கிச் சமை" என்றார்.

மாலை வீட்டுக்குப் போனபோது கணவர் எனக்கு முன்பே வந்திருந்தார். "நம்பர் ஏழு! நம்பர் ஏழு! உங்க காபி ரெடி" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். அவர் கடைப் பழக்கம் அது. நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இந்த வம்பே எங்க கடையில கிடையாது. மிஷின் கத்தும், எடுத்துடுவோம். ருசின்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது."

"தெரியுதே, இந்தக் காபியைக் குடிச்சா."

"சரி, அதை விடு. உனக்கு அந்த வேலை வேணுமா, வேண்டாமா?"

"அது வந்து... பாக்கலாம்ங்க. அண்ணி என்ன..."

"பாத்தியா! எதைக் கேட்டாலும் பாதியிலயே இறக்கிடுவே. மீதியை நான்தான் சூடு பண்ணிப் புரிஞ்சுக்கணும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். பாத்திரம் கழுவும்போது அது என் கூடவே நின்றது. கல்யாணத்துக்கு முன் இவரைப் பிடித்திருக்கிறதா என்று வீட்டில் கேட்டபோது "உங்க இஷ்டம்" என்றவள் நான். பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இன்றுவரை இவருக்குச் சொன்னதில்லை. அந்த வீட்டில் யாரோ ஒருவர் என் "உங்க இஷ்ட"த்தை எடுத்துப் போய் மிச்சத்தை வேகவைத்து, "சரி" என்று ஆக்கிக் கொடுத்தார்கள். அதிர்ஷ்டம்தான். எல்லாத் தடவையும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நினைத்தே வாழ்ந்திருக்கிறேன்.

அடுத்த நாள் நேர் எதிராகப் போய்விட்டேன். பயத்தில் உப்பைக் குறைத்து, பீன்ஸைக் குழைய வேகவைத்து அனுப்பினேன். டாக்டர் சாப்பிட்டு முடித்துவிட்டு மேடைக்கே வந்தார்.

"இன்னிக்கு என் தொழிலுக்கு வேலையே இல்லம்மா. பல்லே இல்லாதவங்ககூடச் சாப்பிடலாம்."

"நேத்து தோட்டம், இன்னிக்கு ஆஸ்பத்திரி" என்றார் வானொலி. "நடுவுல நம்ம கடை எங்கேயோ இருக்கு. தேடிப் பிடிச்சுடலாம்க்கா."

மூன்றாம் நாளிலிருந்து வேறு மாதிரி செய்தேன். கடை திறப்பதற்கு முன், எல்லாம் தயாரானதும், ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போய் ஒரு மேஜையில் உட்கார்ந்துகொள்வேன். வானொலி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "என்ன சாப்பிடறீங்க மேடம்?" என்று பணிவாகக் கேட்பார். ஒரு முழுத் தட்டு கொண்டுவந்து வைப்பார். கடைசி வாய்வரை சாப்பிடுவேன். எந்த இடத்தில் தண்ணீர் தேடுகிறேன், எந்த இடத்தில் கை தானாக அடுத்த வாய்க்குப் போகிறது என்று கவனிப்பேன். எழுந்துபோய் உப்பையோ தீயையோ சரிசெய்வேன். தராசு பைக்குள்ளேயே தூங்கியது.

இன்னொன்றும் நடந்தது. சாப்பிடுகிறவர்களைப் பார்க்கப் பழகினேன். நான் நினைத்துவைத்திருந்த மாதிரி யாரும் கண்ணை மூடி ரசிப்பதில்லை. ஒருவர் பீன்ஸை ரொட்டிக்கு அடியில் ஒளித்துவைக்கிறார். ஒரு தம்பதி பேச்சே இல்லாமல் தட்டுகளை மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு பெண் சூப்பை வாயில் வைத்ததும் கண்ணை மூடினாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. விசாரித்தால் தலைவலியாம். என் சமையலைப் பற்றி யாருக்கும் பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அது எனக்கு வருத்தமாக இல்லை. அவர்கள் பேச்சுக்கு நடுவில், சண்டைக்கு நடுவில், கணக்குவழக்குக்கு நடுவில் நான் சமைத்தது உள்ளே போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒருத்தி நடமாடுகிற மாதிரி. யாரும் கவனிப்பதில்லை, ஆனால் அவள் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது, வானொலி தட்டுகளை வாங்க வந்தவர் தன் வழக்கப்படி செய்தி வாசித்தார்.

"விஷயம் தெரியுமாக்கா? பழைய ஆள் போன் பண்ணினான். நட்சத்திர ஓட்டல்ல அவனை அடுப்புப் பக்கமே விடறதில்லையாம். நாள் பூரா வெங்காயம்தான் உரிக்கிறானாம். திரும்பி வர்றேங்கறான். முதலாளியம்மா இன்னிக்குப் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க."

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த என் கை நின்றது. வானொலி அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணியே மேடைக்கு வந்தார். கையில் போன்.

"அவன் திரும்பி வர்றேங்கறான்மா."

"ஓ."

"உன் லீவும் இன்னிக்கோட முடியுது."

"ஆமா அண்ணி."

"உனக்கும் அங்கே நல்ல வேலைதான். பஸ் வந்து வீட்டு வாசல்ல ஏத்திட்டுப் போகுது."

"அது... ஆமா."

என்னைப் பார்த்தபடி சிறிது நின்றார். நான் சட்டியைப் பார்த்தேன். அவர் கல்லாவுக்குத் திரும்பிப் போனார். சொல்ல வேண்டியது என் வாய்வரை வந்து, வழக்கம்போல அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அண்ணி புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். எப்படிப் புரிந்துகொள்வார்? நான் "ஆமா" என்றுதானே சொன்னேன்?

வேலையில் மனம் ஓடவில்லை. கூடத்தைப் பார்த்தேன். நடு மேஜையில் ஒருவர் ஒரு கையில் செல்போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் தட்டைப் பார்க்கவில்லை. விமானத்தில் என் பெட்டியைத் திறக்கிறவர்களும் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று தோன்றியது. அவருடைய மற்றொரு கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. கோழியை எடுத்தது. உருளைக்கிழங்கை எடுத்தது. ரொட்டியைப் பிய்த்து, கிரேவியை ஒரு சுற்று வழித்தது. விளிம்பில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை. பிறகு வெறும் தட்டில் தடவிப் பார்த்துவிட்டு நின்றது. அவர் முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். தட்டு காலி. தன் சாப்பாட்டை வேறு யாரோ எடுத்துத் தின்றுவிட்ட மாதிரி இரண்டு பக்கமும் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் வெட்கத்தோடு கையைத் தூக்கி, "இன்னொண்ணு கிடைக்குமா? இதே மாதிரி" என்றார்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அந்த மனிதர் எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டார்! வேண்டும், கையைத் தூக்கினார், கேட்டார்.

கரண்டியை வானொலி கையில் திணித்தேன். "இதைக் கிளறிட்டே இரு" என்று சொல்லிவிட்டு, மேடையைச் சுற்றிக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவே நடந்து கல்லாவுக்குப் போனேன். அண்ணி காதருகே போனை வைக்கப் போனவர் என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"என்ன, உப்பு தீந்துடுச்சா?"

"எனக்கு இந்த வேலை வேணும் அண்ணி."

அவர் வாயைத் திறப்பதற்குள் மீதியையும் சொன்னேன். "லீவு முடிஞ்சாலும் நான் அங்கே போக மாட்டேன். எனக்கு இந்த அடுப்புலதான் நிக்கணும். அவனை எடுக்காதீங்க. என்னை எடுங்க."

சொல்லி முடித்துவிட்டேன் என்பதை நம்பவே கொஞ்சம் நேரம் பிடித்தது. முகமெல்லாம் சூடாக இருந்தது.

"அடிப்பாவி!" என்றார் அண்ணி. "இப்போ வந்து சொல்றே? நீ போறதுக்குத்தான் துடிக்கறேன்னு நினைச்சு, அவனை நாளன்னிக்கு வந்து சேருன்னு சொல்லத்தான் இதோ போனை எடுத்தேன். ஒரு நிமிஷம் கழிச்சு வந்திருந்தா உன் கதை முடிஞ்சிருக்கும். நான் வந்து அவ்வளவு கேட்டப்போ ஆமா ஆமான்னு தலையாட்டினியே!"

"வெட்கமா இருந்துச்சு அண்ணி."

"நாத்தனாருக்கு அண்ணிகிட்ட வெட்கமா? உலகத்துல இல்லாத கதையா இருக்கே! என் தலையில மிளகா அரைக்கறதுக்குப் பொறந்தவங்க நீங்கள்லாம். உனக்கு ஒரு வேலை கேக்க வெட்கமா?" கோபம் மாதிரிதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது உதட்டோரம் துடித்தது. "சமையல்ல எனக்குக் குறை ஒண்ணும் இல்லை. நேத்து சூப் கொஞ்சம் தண்ணி. அதை மட்டும் சொல்லிக்கறேன்."

"அது நீங்கதான் ரெண்டு கப் தண்ணி ஊத்தச் சொன்னீங்க."

"இன்னும் வேலையிலயே சேரலை, அதுக்குள்ள எதிர்த்துப் பேச்சா?" என்றபடி போனைக் காதில் வைத்தார். "தம்பி, நான்தான். இங்கே ஆள் சேத்தாச்சுப்பா... ஆமா... யாரா? எங்க நாத்தனார்தான்... அதை ஏன் கேக்கறே, வாயைத் திறந்தா மூட மாட்டேங்கறா."

அவர் பேசி முடிக்குமுன் சமையலறையிலிருந்து வானொலியின் குரல் கூடம் முழுவதும் ஒலித்தது.

"அக்கா! கிளறிட்டே இருன்னு சொன்னீங்க. எதுவரைக்கும்னு சொல்லலையே! அடி பிடிக்கற வாசனை வருதுக்கா!"

ஓடினேன். முதுகுக்குப் பின்னால் யார் யாரோ சிரித்தார்கள். யார் என்று திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை.